78 சதவீதம் ஓட்டு விழுந்தும் வராத தன்னாட்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல உக்ரைனோட மேற்கு மூலைல இருக்கற ஜகர்பாத்தியா மாகாணத்தைப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தோம். அதுல போறபோக்குல ஒரு வரி, 1991ல அந்த ஜனங்க தன்னாட்சி கேட்டு ஓட்டு போட்டு ஜெயிச்சாங்க, ஆனா இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலன்னு. மலை, கோட்டை, ஒயின்னு நாங்க ரசிச்சு எழுதினதையெல்லாம் விட்டுட்டு எல்லாரும் அந்த ஒரு வரியைத்தான் புடிச்சுக்கிட்டீங்க. சரி, இந்த தடவை முழுக்க அதுதான்.

மேப்ல தேடிப் பாத்தேன், சின்ன இடமாத்தான் இருக்கு. அதுக்குள்ள பல இனம் இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, அப்படி யார் யாரு? (எம்.ஆர்., கும்பகோணம்)

மேப்ல பாத்தப்போ இன்னொண்ணும் கவனிச்சிருப்பீங்க, அந்த ஒரு மாகாணத்துக்கு மட்டும் நாலு வெளிநாட்டு எல்லை. போலந்து, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா. தலைநகர் கீவ் பக்கம் போகணும்னா கார்பாத்திய மலையைத் தாண்டியாகணும், ஹங்கேரி பக்கம்னா வெறும் சமவெளி. பரப்பு சுமார் 12,800 சதுர கிலோமீட்டர், ஜனத்தொகை 12.5 லட்சம், இது 2001 சென்சஸ் கணக்கு, அதுக்கப்புறம் உக்ரைன்ல சென்சஸே எடுக்கல. அந்த கணக்குப்படி உக்ரேனியர் 80 சதவீதம், ஹங்கேரியர் 12 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம் பேர், ருமேனியர் 32,000, ரஷ்யர் 31,000, ரோமா மக்கள் 14,000, அதுபோக ஸ்லோவாக்கியர், ஜெர்மானியர்னு சில ஆயிரம் பேர். கார்பாத்திய மலைச் சரிவுல ருஸின்னு ஒரு ஸ்லாவிய ஜனம் இருக்கு, "நாங்க ருஸின்"னு தனியா எழுதிக் குடுத்தவங்க 10,000 பேர், ஆனா அவங்களை உக்ரேனியர் கணக்குலயே சேத்துட்டாங்க, அது தனி சண்டை, கீழ வருது.

பெரெகோவென்னு ஒரு ஊர், ஹங்கேரியர் அதிகம். அங்க யாராவது பத்து மணிக்கு வாங்கன்னு சொன்னா எந்த பத்து மணின்னு கேட்டுக்கணும். அரசாங்க ஆபீஸ், ரயில் எல்லாம் கீவ் நேரம், ஹங்கேரியர் வீட்டு கடிகாரம் புடாபெஸ்ட் நேரம், ஒரு மணி நேரம் பின்னாடி ஓடும். அதை அவங்க உள்ளூர் நேரம்னுதான் சொல்லுவாங்க.

ஒரே ஊரை விட்டு நகராமலே அஞ்சு நாட்டுல வாழ்ந்த தாத்தான்னு இந்தப் பகுதியைப் பத்தி ஒரு ஜோக் உண்டாமே, சும்மா அடிச்சு விட்டதா? (எஸ்.வி., சேலம்)

ஜோக்தான், ஆனா தேதி போட்டுப் பாத்தா சரியா வருது. 1910ல முகாச்செவோ ஊர்ல ஒருத்தர் பொறந்தார்னு வச்சுக்குங்க. பொறந்தது ஆஸ்திரியா-ஹங்கேரி, பள்ளிக்கூடம் போனது செக்கோஸ்லோவாக்கியா, 28 வயசுல ஹங்கேரி, 35 வயசுல சோவியத் யூனியன், கடைசி காலத்துல உக்ரைன். வீடு மட்டும் அதே வீடு.

இதுல தன்னாட்சிப் பேச்சு முதல் உலகப்போர் முடியும்போதே ஆரம்பிச்சாச்சு. வேடிக்கை என்னன்னா இந்தப் பகுதியோட தலையெழுத்தைப் பத்தி முதல் ஓட்டெடுப்பு நடந்ததே அமெரிக்காவுல. பென்சில்வேனியாவுல சுரங்கத்துக்கும் இரும்பு ஆலைக்கும் வேலைக்குப் போன ருஸின்களோட சங்கங்கள் 1918 நவம்பர்ல ஸ்க்ரான்டன்ல கூடி, தன்னாட்சியோட செக்கோஸ்லோவாக்கியாவுல சேந்துடலாம்னு தீர்மானம் போட்டு, சங்கம் சங்கமா ஓட்டும் எடுத்தாங்க, மூணுல ரெண்டு பங்கு ஆமான்னு விழுந்துச்சு. ஊர்ல ஏர் ஓட்டிக்கிட்டிருந்தவன் கையில யாரும் சீட்டு குடுக்கல. 1919 மே மாசம், இப்ப மாகாணத் தலைநகரா இருக்கற உஸ்ஹோரோத்ல கூடின தலைவர்கள் கவுன்சில் அதை ஆமோதிச்சதோட சரி.

அந்த வருஷம் செப்டம்பர்ல செயின்ட் ஜெர்மைன் ஒப்பந்தம், அதுல இந்தப் பகுதிக்கு தனி சட்டசபை, முடிஞ்ச அளவு முழு தன்னாட்சின்னு எழுதி கையெழுத்தே போட்டாங்க. 1920ல பிட்ஸ்பர்க் வக்கீல் கிரிகோரி ஜட்கோவிச் முதல் கவர்னரா வந்து உக்காந்தார். சட்டசபையும் வரல, அதிகாரமும் வரல, அடுத்த வருஷமே ராஜினாமா பண்ணிட்டு அமெரிக்காவுக்கு கப்பல் ஏறிட்டார். சொன்ன தன்னாட்சி எப்ப வந்துச்சு தெரியுமா, 1938 அக்டோபர்ல, ம்யூனிக்ல செக்கோஸ்லோவாக்கியாவை வெட்டிக் கூறு போட்டப்புறம், அதாவது குடுக்கற கைல ஒண்ணுமே மிச்சம் இல்லாதப்ப. ஒரு மாசம் கூட ஆகல, நவம்பர் 2ஆம் தேதி வியன்னாவுல ஜெர்மனியும் இத்தாலியும் உக்காந்து உஸ்ஹோரோத், முகாச்செவோ, பெரெகோவெ மூணையும் தூக்கி ஹங்கேரிக்கு குடுத்துட்டாங்க. மிச்ச அரசாங்கம் குஸ்த்ங்கற சின்ன ஊருக்கு மூட்டை கட்டிச்சு. 1939 மார்ச் 15 அன்னிக்கு அவ்ஹுஸ்டின் வோலோஷின்ங்கற பாதிரியார் தலைமைல தனி நாடுன்னு அறிவிச்சாங்க, அதே நேரத்துல ஹங்கேரி ராணுவம் உள்ள வந்துக்கிட்டிருந்துச்சு, சில நாள்ல கதை முடிஞ்சுது.

அப்புறம் நடந்தது வெறும் எல்லைக் கதை இல்ல. முகாச்செவோல போருக்கு முன்னாடி கிட்டத்தட்ட பாதிப் பேர் யூதர்கள், 1944ல அவங்களை ரயில் ரயிலா ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு கொண்டு போனாங்க. அந்த வருஷக் கடைசில சோவியத்தோட செஞ்சேனை வந்து, மூணு நாள் சின்ன வேலை இருக்கு வாங்கன்னு சொல்லி ஹங்கேரிய, ஜெர்மானிய ஆம்பளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போச்சு, ஆயிரக்கணக்கானவங்க முகாம்ல செத்தாங்க. 1945 ஜூன்ல ப்ராகும் மாஸ்கோவும் கையெழுத்து போட்டு பகுதி சோவியத் உக்ரைனுக்குப் போயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் முடிவு எடுத்தது மாநாடு, ஒப்பந்தம், ராணுவம். உங்க இடம் எப்படி இருக்கணும்னு ஊர்க்காரங்களை பூத்துக்கு கூப்பிட்டுக் கேட்டது 1991லதான்.

1991ல சீட்டுல என்னதான் எழுதியிருந்துச்சு? தனி நாடு கேட்டாங்களா? (ஜி.பி., நாகர்கோவில்)

இல்லவே இல்ல, இதைத்தான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்கறாங்க.

1991 டிசம்பர் 1, உக்ரைன் முழுக்க ரெண்டு ஓட்டு. சோவியத்தை விட்டு சுதந்திர நாடா போறதுக்கு சம்மதமா, அப்புறம் யாரு ஜனாதிபதி. ஜகர்பாத்தியாவுல மட்டும் கூட ஒரு சீட்டு. பெரெகோவெ வட்டாரத்துக்குப் போனா அதுக்கும் மேல இன்னொண்ணு, எங்களுக்கு ஹங்கேரிய தன்னாட்சி வட்டாரம் வேணுமான்னு. ஒரே நாள், ஒரே பூத், கைல சீட்டுக்கட்டே வச்சுக்கிட்டு நின்னிருப்பாங்க.

மாகாண சீட்டுல கேட்டது இதுதான்: சுதந்திர உக்ரைனுக்கு உள்ள, அரசியல் சட்டத்துல உறுதி பண்ணி, ஜகர்பாத்தியாவுக்கு சிறப்பு சுயநிர்வாகப் பகுதிங்கற அந்தஸ்து வேணுமா, வேற எந்த நிர்வாக அமைப்போடவும் அதைச் சேக்காம இருக்கணுமா. கடைசி துண்டு ஏன்னா, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கற லிவிவ் வகையறா கலீசியா மாகாணங்களோட சேத்துக் கட்டிடுவாங்களோன்னு ஒரு பயம். கிழக்கு உக்ரைனை விட கலீசியாவை நினைச்சுதான் இவங்களுக்கு அதிகம் உதறல், பக்கத்து வீட்டுக்காரன்னா அப்படித்தானே.

முதல்ல தன்னாட்சின்னு நேரடியாவே கேக்கறதா இருந்தாங்க. அப்ப பார்லிமெண்ட் தலைவரா இருந்து ஜனாதிபதி தேர்தல்லயும் நின்ன லியோனித் க்ராவ்சுக் உஸ்ஹோரோத்துக்கு வந்து பேசினப்புறம்தான் அது சிறப்பு சுயநிர்வாகம்னு மாறிச்சு. அவருக்கு கீவ்ல பதில் சொல்லணும், தன்னாட்சின்னா பிரிவினைன்னு கத்துவாங்க. இவங்களுக்கு மேல இருந்து ஒரு ஆள் ஆதரவு வேணும். ரெண்டு பக்கமும் திருப்தி, பேரம் படிஞ்சுது.

ரிசல்ட் வந்தப்போ சுதந்திரத்துக்கு ஜகர்பாத்தியாவுல 92 சதவீதம் ஆமா, நாடு முழுக்க வந்ததும் அதே 92தான். சிறப்பு அந்தஸ்துக்கு 78 சதவீதம். பெரெகோவெ வட்டாரத்துல ஹங்கேரிய வட்டாரத்துக்கு 81. க்ராவ்சுக்கும் முதல் சுத்துலயே ஜெயிச்சுட்டார். அன்னிக்கு சீட்டுல கேட்ட எல்லாமே ஜெயிச்சுது, கைக்கு வராம போனது அந்த மூணாவது சீட்டும் நாலாவது சீட்டும்தான்.

இந்த 78 சதவீதமும் ஹங்கேரிக்காரங்க ஓட்டாத்தான் இருக்கும், என்ன சொல்றீங்க? (டி.கே., வேலூர்)

கணக்கு உதைக்குது சார். ஹங்கேரியர் மொத்தமே எட்டுல ஒரு பங்கு. ருமேனியர், ரஷ்யர், ஸ்லோவாக்கியர், ரோமா எல்லாரையும் சேத்தாலும் கால்வாசியைத் தொடாது. அப்ப மிச்ச ஓட்டு யாரோடது, சென்சஸ்ல உக்ரேனியர்னு எழுதினவங்களோடதுதான். இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க, 92 பேர் சுதந்திரத்துக்கு ஆமா, 78 பேர் சிறப்பு அந்தஸ்துக்கு ஆமா, அப்ப நூத்துல குறைஞ்சது 70 பேராவது ரெண்டுக்கும் ஆமா போட்டிருக்கணும். உக்ரைனும் வேணும், எங்க விஷயத்தை நாங்களே பாத்துக்கறதும் வேணும்னு சொன்ன கூட்டம் அது. பிரிவினைவாதின்னு ஒரு முத்திரை குத்திட்டா இந்தக் கணக்கைப் பாக்க வேண்டிய அவசியமே இல்லாம போயிடுது, அதான் சௌகரியம்.

கிரிமியாவுக்கு ஓட்டு போட்ட உடனே குடுத்தாங்களே, இவங்களுக்கு மட்டும் ஏன் இழுத்தடிச்சாங்க? (ஆர்.எஸ்., மதுரை)

நல்ல கேள்வி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன்.

கிரிமியாவுல 1991 ஜனவரி 20ல ஓட்டு, 93 சதவீதம் ஆமா, பிப்ரவரி 12க்கெல்லாம் கீவ் பார்லிமெண்ட் தன்னாட்சிக் குடியரசு அந்தஸ்தைத் திருப்பிக் குடுத்துடுச்சு. மூணே வாரம். அப்ப சோவியத் இன்னும் இருந்துச்சு, கிரிமியா 1945 வரைக்கும் தன்னாட்சிக் குடியரசாவே இருந்த இடம், அங்க ரஷ்யர் மெஜாரிட்டி, கருங்கடல் கப்பல்படை நிக்கிது, குடுக்கலன்னா மாஸ்கோ பக்கம் போயிடுவேன்னு மிரட்ட முடியும். ஜகர்பாத்தியா யாரைக் காட்டி மிரட்டும்? நாங்க உக்ரைனுக்குள்ளதான் இருப்போம்னு சீட்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்களே. யோக்கியமா கேட்டவனுக்கு பேரம் பேச கைல ஒண்ணும் இல்ல, இதுதான் எனக்கு இந்தக் கதைல ரொம்ப உறுத்தற இடம்.

ரெண்டாவது காரணம் சட்டம். மாகாண கவுன்சில் ஓட்டெடுப்பு நடத்தலாம், தடை இல்ல, ஆனா அரசியல் சட்டத்துல எழுதற பேனா கீவ்ல இருக்கு. 78 சதவீதம் வந்தா இத்தனை மாசத்துக்குள்ள பார்லிமெண்ட் சட்டம் போட்டே ஆகணும்னு எங்கயும் ஒரு வரி இல்ல. உஸ்ஹோரோத்லருந்து மசோதா எழுதி அனுப்பினாங்க, கிணத்துல போட்ட கல்லுதான். க்ராவ்சுக் பிரச்சாரத்துல சொன்னதை ஜனாதிபதியானப்புறம் நடத்திக் காட்டல. நடுவுல 1994 மார்ச்ல கிழக்கே டோனெட்ஸ்க்ல கூட்டாட்சி வேணுமான்னும், டோனெட்ஸ்க், லுஹான்ஸ்க் ரெண்டுலயும் ரஷ்ய மொழிக்கு அந்தஸ்து வேணுமான்னும் ஆலோசனை ஓட்டு நடத்தினாங்க, அதுவும் ஆமான்னு வந்துச்சு. கீவுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது, ஒருத்தனுக்குக் குடுத்தா வரிசைல நிப்பானுங்கன்னு. 1996 ஜூன் 28ல புது அரசியல் சட்டம் வந்தப்போ உக்ரைன் ஒற்றையாட்சி நாடு, தன்னாட்சிக் குடியரசு கிரிமியா மட்டும், மத்ததெல்லாம் சாதா மாகாணம். ஜகர்பாத்தியா பத்தோட பதினொண்ணாச்சு.

சாதா மாகாணம்னா என்ன அர்த்தம்னு தெரியணும். மாகாண கவுன்சிலை ஜனங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுப்பாங்க. ஆனா மாகாண நிர்வாகத்தோட தலைவரை நியமிக்கறது ஜனாதிபதி, கோப்பு நகர்றது அவர் மேஜைல. கவுன்சில் தீர்மானம் போட்டுக்கிட்டே இருக்கலாம்.

உள்ளூர் தலைவர்கள் மேலயும் தப்பு இருக்குன்னுதான் சொல்லுவேன். வார்த்தையை மாத்த சம்மதிச்ச அன்னிக்கே, பதிலுக்கு எழுத்துல ஒரு உறுதி வாங்கியிருக்கணும். தேர்தலுக்கு நாலு நாள் முன்னாடி வேட்பாளர் என்ன கேட்டாலும் தருவான், தேர்தல் முடிஞ்ச மறுநாள் அவன் கதவைத் தட்டிப் பாருங்க.

ருஸின்னா யாரு? உக்ரேனியரா, இல்லையா? ஒரே வரில சொல்லுங்க. (பெயர் வேண்டாம், திருப்பூர்)

ஒரே வரில சொன்னா ரெண்டு தரப்பும் சேந்து எங்க ஆபீசுக்கு வந்துடும். கார்பாத்திய மலைச் சரிவுல இருக்கற கிழக்கு ஸ்லாவிய மக்கள், கிரேக்க கத்தோலிக்கம் இல்லன்னா ஆர்த்தடாக்ஸ் சபை. ஸ்லோவாக்கியா, போலந்து, செர்பியா எல்லாம் அவங்களைத் தனி சிறுபான்மையா ஏத்துக்கிட்டு இருக்கு. செர்பியாவோட வோய்வோடினாவுல அவங்க பேச்சு ஆட்சிமொழிகள்ல ஒண்ணு, ஸ்லோவாக்கியாவுல 1995ல எழுத்து இலக்கணம் வகுத்தாச்சு. அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலோட அப்பா அம்மா கூட ஸ்லோவாக்கியா பக்கத்து ருஸின் கிராமத்துக்காரங்கதான். உக்ரைன் மட்டும் இவங்களை உக்ரேனியரோட ஒரு உட்பிரிவுன்னு சொல்லுது. சோவியத் வந்தப்ப எல்லாரையும் ஒரே பேனாவால உக்ரேனியர்னு எழுதினாங்க, 1949ல அவங்க கிரேக்க கத்தோலிக்க சபையையும் கலைச்சாங்க. 2007ல மாகாண கவுன்சில் ருஸின் தனி இனம்னு தீர்மானம் போட்டுச்சு, கீவ் காதுல போட்டுக்கல.

இங்க ஒரு சிக்கல் இருக்கு, மறைக்கக் கூடாது. ருஸின் பேரைச் சொல்லி 2008லயும் 2014லயும் தனிக் குடியரசுன்னு சில பேர் அறிக்கை விட்டாங்க, பின்னாடி ரஷ்யாவோட கை இருந்துச்சு. அந்த ஊர்ல கூட்டம் சேரல, ஆனா ரஷ்ய டிவில நல்லா ஓடிச்சு. பாட்டி பேசின பேச்சு பள்ளிக்கூடத்துல இருக்கணும்னு கேக்கற சாதாரண ருஸின் வாத்தியாருக்கு அதனால வந்தது சந்தேகம் மட்டும்தான்.

கடைசில ஹங்கேரி கூட சேரத்தானே இந்த நாடகமெல்லாம்? (பி.எல்., ஈரோடு)

புடாபெஸ்ட் என்ன கனவு காணுதுன்னு தனியா பேசலாம், காகிதத்துல இருக்கறதை முதல்ல பாப்போம். ஓட்டு நடந்து அஞ்சே நாள்ல, 1991 டிசம்பர் 6, ஹங்கேரியும் உக்ரைனும் ஒப்பந்தம் போட்டுச்சு. ஒருத்தர் மண்ணு மேல ஒருத்தருக்கு இன்னிக்கும் உரிமை கோரிக்கை இல்ல, நாளைக்கும் இல்லன்னு அதுல இருக்கு. ஹங்கேரி பார்லிமெண்ட்ல அந்த வரிக்காகவே பெரிய ரகளை, 1993லதான் நிறைவேறிச்சு.

அப்புறம் காத்து மாறிடுச்சு. 2011லருந்து வெளிநாட்டு ஹங்கேரியர் அந்த நாட்டுல குடியிருக்காமலே சுலபமா குடியுரிமை வாங்கலாம்னு வந்துச்சு, உக்ரைன் இரட்டைக் குடியுரிமையை அப்ப ஏத்துக்கறதில்ல. 2018ல பெரெகோவெ ஹங்கேரித் துணைத் தூதரகத்துல பாஸ்போர்ட் குடுத்து, உக்ரைன் அதிகாரிங்க கிட்ட சொல்லாதீங்கன்னு அறிவுரை சொல்ற வீடியோ வெளிய வந்து, ரெண்டு நாடும் ஆளுக்கொரு துணைத் தூதரை வெளிய அனுப்பிச்சுது. அதுக்கு முன்ன 2017ல உக்ரைன் கொண்டு வந்த கல்விச் சட்டம், அஞ்சாம் வகுப்புலருந்து பெரும்பாலும் உக்ரேனிய மொழிலதான் பாடம்னு. சிறுபான்மைக்காரங்க பதறினாங்க, பதறினதுல நியாயம் இருக்கு. ஹங்கேரி அதைச் சாக்கா வச்சு உக்ரைன்-நேட்டோ கூட்டங்களையே தடுத்துச்சு, அதுல எனக்கு நியாயம் தெரியல. ஒரு பெரெகோவெ பையனோட பாடப்புத்தகம் நேட்டோ மேஜைல பேரப்பொருள் ஆனா, கீவ்ல இருக்கறவன் அந்தப் பையனையே சந்தேகமா பாப்பானா மாட்டானா.

2018 பிப்ரவரில உஸ்ஹோரோத்ல ஹங்கேரிய பண்பாட்டுச் சங்க ஆபீசுக்கு தீ வச்சாங்க. உக்ரேனிய தீவிரவாதிங்கதான்னு முதல்ல எல்லாரும் நினைச்சாங்க, கடைசில ஒரு தீவைப்புக்கு போலந்து நாட்டு தீவிர வலதுசாரிங்களை போலந்து கோர்ட்டே தண்டிச்சுது. குட்டையைக் குழப்பறவன் எங்கேருந்து வேணா வரலாம். எல்லைப் பகுதிக்கு இதுதான் சாபக்கேடு, கூட நிக்க வர்ற ஒவ்வொருத்தனும் ஒரு கணக்கோடதான் வர்றான்.

வேற எங்கயாவது ஓட்டு போட்டு தன்னாட்சி வாங்கியிருக்காங்களா, இல்ல எல்லா இடத்துலயும் இதே கதைதானா? (கே.ஜே., திருநெல்வேலி)

வாங்கியிருக்காங்க. வாங்கின இடத்துல எல்லாம் வரிசை வேற மாதிரி இருக்கும், அதைப் பாருங்க.

ஸ்காட்லாந்து 1979ல ஓட்டு போட்டுச்சு, ஆமா 51.6 சதவீதம், ஆனா மொத்த வாக்காளர்ல 40 சதவீதம் ஆமா சொல்லணும்னு முன்கூட்டியே நிபந்தனை, அது தேறல, திட்டம் போச்சு. 1997ல லண்டன் அரசாங்கமே திட்டத்தை எழுதி வெளியிட்டு, ஆமான்னா சட்டம் போடறோம்னு சொல்லி நடத்திச்சு, 74 சதவீதம் விழுந்துச்சு, 1999ல எடின்பரோல பார்லிமெண்ட் உக்காந்தாச்சு.

எனக்குப் புடிச்ச உதாரணம் இன்னும் பக்கத்துல, உக்ரைனுக்கு அடுத்த வீடான மால்டோவா. தெற்கே ககவுஸ்னு துருக்கிய மொழி பேசற ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க. 1994 டிசம்பர்ல பார்லிமெண்ட் முதல்ல தன்னாட்சிச் சட்டத்தை நிறைவேத்திச்சு, ககவுஸ் பாதிக்கு மேல இருக்கற ஊர்கள் தானா உள்ள, கலப்பா இருக்கற ஊர்கள் நீங்களே ஓட்டு போட்டு சொல்லுங்கன்னு. 1995 மார்ச்ல ஊர் ஊரா ஓட்டு போட்டாங்க, சேந்த ஊர் சேந்துச்சு, வேணாம்னு சொன்ன ஊர் வெளிய நின்னுச்சு. அதனால அந்தப் பகுதி மேப்ல ஒரே துண்டா இல்ல, நடுவுல நடுவுல விட்டு விட்டு இருக்கும். பாக்க லட்சணமா இல்லதான், ஆனா யாரையும் கையைப் புடிச்சு இழுக்கல. பல இனம் கலந்த இடத்துல மொத்தமா ஒரே கணக்கு எடுத்தா, உள்ள இருக்கற சின்னக் கூட்டம் எப்பவும் தோத்துக்கிட்டேதான் இருக்கும். ஜகர்பாத்தியா சிறப்பு அந்தஸ்து வாங்கியிருந்தாலும் சோலோத்வினோ ருமேனியருக்கும் முகாச்செவோ ரோமா குடியிருப்புக்கும் அதுல என்ன பங்குன்னு அப்ப யாரும் தெளிவா எழுதல.

பிலிப்பைன்ஸ்ல முஸ்லிம்கள் அதிகமா இருக்கற பாங்சமோரோவுக்கும் 2018ல சட்டம், 2019ல ஓட்டு. அதுல சுலு மாகாணம் வேணாம்னு ஓட்டு போட்டும் மொத்தக் கணக்குல சேத்துட்டாங்க, 2024ல சுப்ரீம் கோர்ட்தான் வெளிய எடுத்து விட்டுச்சு. ஜெர்மன் பேசறவங்க அதிகமா இருக்கற தெற்கு டிரோலுக்கு இத்தாலி குடுத்த தன்னாட்சிக்கு ஓட்டே நடக்கல, 1946 ஒப்பந்தமும் ஆஸ்திரியாவோட விடாப்பிடியும்தான், அதுவும் உருப்படியா வந்தது 1972ல.

இப்ப திரும்ப ஒரு ஓட்டெடுப்பு வைக்க முடியுமா? வச்சா ஜெயிக்குமா? (என்.ஏ., கடலூர்)

வைக்க முடியாது. உள்ளூர் ஓட்டெடுப்புக்கு இருந்த 1991 சட்டத்தை 2012ல எடுத்துட்டாங்க, 2021ல வந்த புதுச் சட்டம் நாடு தழுவின ஓட்டெடுப்புக்கு மட்டும். ராணுவச் சட்டம் 2022 பிப்ரவரி 24ல அமலுக்கு வந்துச்சு, அது இருக்கற வரைக்கும் எந்த ஓட்டெடுப்பும் கிடையாது. ஜெயிக்குமாங்கறது அதைவிடக் கஷ்டமான கேள்வி. 2014ல கிரிமியாவுலயும் டோனெட்ஸ்க்லயும், 2022ல நாலு இடத்துலயும் துப்பாக்கி முனைல ரஷ்யா நடத்தின கூத்துக்குப் பேரும் ஓட்டெடுப்புதான். அதுக்கப்புறம் உக்ரைன்ல யாராவது மாகாண ஓட்டெடுப்புன்னு வாயைத் தொறந்தா பக்கத்துல இருக்கறவன் ஒரு அடி தள்ளி நிப்பான். கிழக்கேருந்து குண்டுக்குத் தப்பிச்சு ஏகப்பட்ட குடும்பங்கள் ஜகர்பாத்தியாவுல வந்து தங்கியிருக்கு, இந்த மாகாணத்துப் பசங்களும் போர்முனைல நிக்கறாங்க, ஹங்கேரியப் பசங்க உட்பட.

ஆனா தன்னாட்சிங்கற பேரே சொல்லாம கொஞ்சம் அதிகாரம் கீழ வந்திருக்கு, அதை யாரும் பேசறதில்ல. 2014க்கு அப்புறம் உக்ரைன்ல ஊர்களைச் சேத்து ஹ்ரோமாதான்னு புது உள்ளாட்சி அமைப்பு கொண்டு வந்தாங்க, ஜகர்பாத்தியாவுல அது 64. அந்தந்த ஊர்ல வசூலாகற தனிநபர் வருமான வரில 60 சதவீதம் அங்கயே நிக்கும்னு வச்சாங்க. பள்ளிக்கூடம், ரோடு, ஆஸ்பத்திரிக்கு கீவுக்குக் கடுதாசி எழுதிக் காத்துக்கிடக்க வேண்டியது குறைஞ்சுது. இன்னொரு பக்கம் 2020ல 13 வட்டாரத்தை 6 ஆக்கினப்போ, ஹங்கேரியர் முக்கால்வாசி இருந்த பழைய பெரெகோவெ வட்டாரத்தோட பக்கத்து வினோஹ்ராதிவ் வட்டாரத்தைச் சேத்து, புது வட்டாரத்துல அவங்களைப் பாதிக்கும் கீழ கொண்டு வந்துட்டாங்க. ஒரு கைல குடுத்து இன்னொரு கைல வாங்கறதுன்னா இதான்.

மொழி விஷயத்துல கதவைத் தொறந்தது ஓட்டுச்சீட்டு இல்ல, ஐரோப்பிய யூனியன். 2022 ஜூன்ல உக்ரைன் வேட்பாளர் நாடாச்சு, சிறுபான்மை உரிமையைச் சரி பண்ணுன்னு பிரஸ்ஸல்ஸ் நிபந்தனை வச்சுது, 2023 டிசம்பர்ல சட்டத்தைத் திருத்தி, யூனியன் நாடுகளோட மொழி பேசற சிறுபான்மைப் பிள்ளைங்க தங்களோட மொழிலயே பெரும்பாலான பாடம் படிக்கலாம்னு ஆக்கினாங்க. ஹங்கேரிய மொழி, ருமேனிய மொழி, ஸ்லோவாக் மொழி இதுல வந்துடும். ருஸினுக்கு இதுல இடமில்ல, உக்ரைன் கணக்குல அது தனி மொழியே இல்லையே.